மறு: மினியேச்சருக்குச் ‘சிற்றோவியம்’ சரியா?

அனைவருக்கும் வணக்கம். கலை வரலாற்று மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வியாழனன்று அச்சுக்குப் போகிறது. பாரசீகக் கவிஞர் நிஜாமியின் ஐந்து காவியத் தொகுப்பான ‘கம்சா’வுக்குப் பாரசீகர் தீட்டிய மினியேச்சர்கள், அதாவது கையெழுத்து நூலின் படங்கள், பற்றியது அது: இளவரசி ஷிரின் சுனையில் நீராட, குதிரைமேல் வந்த இளவரசன் குஸ்ரோ விரலை வாயில் வைத்து வியந்து நிற்கிறான்; காதல் பித்தன் மஜ்னூன் பாலையில் விலங்குகளோடு இருக்கிறான். ‘சிற்றோவியம்’ என்று எழுதிவிட்டேன். மனம் ஒப்பவில்லை.

* * *

அம்மா, ஒப்பாததே நல்லது. மினியேச்சரின் வேரில் சிறுமை இல்லை. இலத்தீனில் மினியம் என்றால் ஈயச் செந்தூரம். அதனால் ஏட்டைச் சிவப்பித்த தொழிலிலிருந்து வந்த சொல். ‘மினிமம்’ போன்றவற்றின் ஒலி ஒப்புமையால் சிறுமைப் பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காகத் தப்ரீஸ் நகரில் உருவான ‘ஷாநாமா’ காவியப் படியில் 258 ஓவியங்கள். தாளின் உயரம் ஏறத்தாழ 47 செ.மீ. அதுவா சிறிது? ‘செந்தூர ஓவியம்’ என்க.

* * *

ஐயா, செந்தூரம் ஐரோப்பிய மடங்களின் கதை. ஹெராத் நகரில் ஓவியர் பிஹ்சாத் தீட்டியதற்கு அது எப்படிப் பொருந்தும்? பாரசீகர் சொல்வது நிகார்கரி. நிகார் என்றால் ஓவியம். அவர்கள் கவிதையில் காதலியும் நிகார்தான். நம் ‘பாவை’ அப்படியே அல்லவா! குஸ்ரோவின் தோழன் ஷாபூர் மரத்தில் மாட்டிய குஸ்ரோவின் படத்தைக் கண்டுதானே ஷிரின் காதல் கொள்கிறாள்? ‘பாவை வரைவு’ என்று வைப்போம்.

* * *

அழகான சொல், வகுப்பில் உதவாது. மஜ்னூனைச் சுற்றிச் சிங்கமும் மானும். அங்கே பாவை ஏது? ‘வரைவு’ என்றதும் அகத்திணை படித்தவருக்குத் திருமணம் நினைவுக்கு வரும். ‘சுவடி ஓவியம்’ போதும், யாருக்கும் புரியும்.

* * *

சுவடி என்றால் பனையோலைதான் கண்முன் நிற்கும். 1396இல் பக்தாதில் படியெடுக்கப்பட்ட, பாரசீகக் கவிஞர் குவாஜூ கிர்மானியின் காதல் காவியம் காகிதத்தில் உள்ளது. மணவறைக் காட்சியின் சாளரத்தில் ஓவியர் ஜுனைத் தன் பெயரையே பொறித்திருக்கிறார். ‘ஏட்டோவியம்’ என்பதே என் கருத்து. ஏடு ஓலைக்கும் தாளுக்கும் பொது. பூவிதழையும் ஏடு என்போம்.

* * *

அனைவருக்கும் நன்றி. யாருக்கும் புரியும் என்பதால் ‘சுவடி ஓவியம்’ என்றே அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘மினியேச்சர்’ என்பதையும் சேர்த்திருக்கிறேன். ‘ஏட்டோவியம்’ இன்னும் உறுத்துகிறது, ஆனால் நேரமில்லை.

* * *

அனுப்பியது இருக்கட்டும், அம்மா. நிகாருக்கு நேர் பாவையே. அடுத்த பதிப்பில் ஷிரின் படத்தின் கீழாவது அச்சொல்லை இடுங்கள்.