வீட்டுக் கணினிக்கு லினக்ஸ்: எதைப் போட்டீர்கள், என்ன ஆயிற்று?

கும்பகோணம், பள்ளி ஆசிரியை

எங்கள் வீட்டு மடிக்கணினி 2014-இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இதில் கிடையாது. "புதிதாகவே வாங்கிவிடுங்கள் டீச்சர்" என்றார் கடைக்காரர். ஆறு நாளில் தீபாவளி. கோவையில் பொறியியல் படிக்கும் அண்ணன் மகன் வந்திருந்தான். "அத்தை, லினக்ஸ் போட்டுத் தருகிறேன்" என்று உட்கார்ந்தவன் முறுக்கு டப்பா காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இன்னொரு மென்பொருள்தான் லினக்ஸ். அதில் பல வகை உண்டு. அவன் போட்டது, ஓயாமல் புதுப் பதிப்புகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும் வகை. கறுப்புத் திரையும் ஓரத்தில் மினுங்கும் எண்களுமாகப் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. அவன் விடுதிக்குத் திரும்பிய மூன்றாம் வாரம், ஒரு புதுப்பிப்பு முடிந்ததும் திரையில் நாலு வரி ஆங்கிலத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அவன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல இரண்டு மணி நேரம் கட்டளைகளைத் தட்டினேன். "இப்படித்தான் அத்தை கற்றுக்கொள்ள முடியும்" என்றான். எனக்கோ மறுநாள் காலை ஒன்பதாம் வகுப்பு வினாத்தாளைக் கொடுத்தாக வேண்டும்.

அரையாண்டு விடுமுறையில் நானே இறங்கினேன். 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் வென்டாய் என்ற மென்பொருளைப் போட்டுவிட்டால், பல லினக்ஸ் வகைகளின் நிறுவல் கோப்புகளை அதிலேயே நகலெடுத்து வைத்து, கணினியைத் தொடங்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். உபுண்டு 24.04, ஜோரின், மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஆகிய மூன்று லினக்ஸ் வகைகளையும் போட்டேன். எதையும் நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே ஒவ்வொன்றையும் ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். இணையத்தில் ஆளுக்கொரு பட்டியல் போடுகிறார்கள். நான் பார்த்தது நாலே நாலு: வைஃபை, ஒலி, பிரிண்டர், தமிழ் 99 விசைப்பலகை.

உபுண்டுவின் க்னோம் முகப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் என் கணினியின் 4 ஜிபி அதற்குப் போதவில்லை. உலாவியில் மூன்று பக்கங்களைத் திறந்ததுமே மூச்சு வாங்கியது. மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பார்க்கச் சாதாரணம். பழைய விண்டோஸ் ஜாடை. அதுவும் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டதுதான், ஆனால் மெலிந்த உடம்பு. 22.2 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்பதும் சேர்ந்துகொள்ள, அதையே முடிவு செய்தேன்.

வைஃபை மூன்றிலுமே வரவில்லை. அதனால் கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் வழியே இணையம் எடுத்துக்கொண்டேன். நிறுவிய பிறகு மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபை சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர் அங்கே காத்திருந்தது. ஒரு சொடுக்கு, ஒரு மறுதொடக்கம், வந்துவிட்டது. இது தெரியாமல் எத்தனை பேர் "லினக்ஸில் வைஃபை வராது" என்று விட்டுவிட்டுப் போயிருப்பார்களோ.

தமிழ்தான் கொஞ்சம் படுத்தியது. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் 99, தமிழ்நெட் 99 என்ற பெயரில் இருந்தது, சேர்த்தேன், எழுத்தும் வந்தது. ஆனால் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைக்க வேண்டுமே, அது நடக்கவில்லை. 'பக்கம்' என்பது 'பககம்' என்று வந்தது. பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் என்ற மென்பொருளும் அதற்கான எம்17என் தொகுப்பும் நிறுவி, அதிலுள்ள தமிழ் 99-ஐத் தேர்ந்த பிறகுதான் கை பழகிய வேகத்துக்கு வந்தது. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்கள் முதலில் கிறுக்கலாகத் திறந்தன. அந்த எழுத்துருக் கோப்புகளை என் பயனர் கோப்புறையில் உள்ள எழுத்துரு அடைவில் போட்டதும் லிப்ரே ஆபீஸில் ஒழுங்காகத் தெரிந்தன.

ஒன்றை விட்டுவிட்டேன். நிறுவும் முன் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகம் ஒன்றை மாட்டினேன். வேகம் கூடியதில் பாதிப் புண்ணியம் அதற்கே. கழற்றிய டிஸ்க் ஒரு யூஎஸ்பி உறைக்குள், புகைப்படங்களோடும் பழைய விண்டோஸோடும், அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. எதையும் அழிக்கவில்லை என்பதால் கை நடுங்கவில்லை.

ஒட்டன்சத்திரம், காய்கறி மண்டி

டீச்சர், உங்களைப் போல விண்டோஸை அலமாரியில் வைக்க எனக்கு வழியில்லை. கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். ஆகவே ஒரே டிஸ்க்கில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும். நான் எடுத்தது ஜோரின். டப்ளினில் இரண்டு சகோதரர்கள் தொடங்கியது என்று படித்தேன். முகப்பு விண்டோஸ் போலவே இருப்பதால் வீட்டில் அப்பாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. "என்னப்பா, வண்டி வேகமாகிவிட்டது?" என்று மட்டும் கேட்டார்.

சிக்கல் மண்டியில் வந்தது. விடிகாலை 4 மணிக்குப் போட்ட பில்லில் முந்தின நாள் தேதி! முருங்கை அனுப்பியவர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். பார்த்தால் விண்டோஸின் கடிகாரம் இரவு 10.30 காட்டுகிறது. லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். மண்டியில் இணையம் இல்லாததால் அது தானாகத் திருத்திக்கொள்ளவும் இல்லை. உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸுக்கு ஒரு கட்டளையில் சொல்லிவிடலாம். நான் அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒன்பது நாள் பில்களைத் திருத்தி எழுதினேன்.

இன்னொன்று: விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, பாதித் தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது.

நாகர்கோவில், ஓய்வு பெற்றவர்

என்னிடம் இருப்பது 1 ஜிபி ரேம் கொண்ட குட்டி நெட்புக், 32 பிட் என்ற பழைய வகைச் செயலி. நீங்கள் இருவரும் சொல்லும் எதுவும் இதில் ஏறாது. உபுண்டு பல ஆண்டுகளுக்கு முன்பே 32 பிட் நிறுவியை நிறுத்திவிட்டது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸும் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில் கைவிட்டது. பழைய கணினிகளுக்கான ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸைப் போட்டு பழைய பாடல்கள் கேட்கிறேன். இணையம் இதில் வேண்டாம் என்று பேரன் தடை போட்டிருக்கிறான். டீச்சர், பிரிண்டர் என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லையே?

கும்பகோணம், பள்ளி ஆசிரியை

பிடித்துவிட்டீர்கள் ஐயா. எங்களிடம் இருப்பது ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்க்கும் அந்தச் சின்ன லேசர் பிரிண்டர். பென் டிரைவில் சோதித்தபோதே அது தேறவில்லை. தெரிந்தேதான் மின்ட்டுக்கு வந்தேன். அதற்கென்று தனி டிரைவர் உண்டு என்று இரண்டு ஞாயிறு உட்கார்ந்தேன். ஒரு முறை அரைப் பக்கம் அச்சாகி நின்றது, அவ்வளவுதான். இப்போது வினாத்தாளைப் பிடிஎஃப் ஆக்கி எதிர்க் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். பிரிண்டர் மேல் மகள் மணி பிளான்ட் வைத்திருக்கிறாள்.

மண்டி நண்பருக்கு: அந்தக் கடிகாரக் கட்டளையை இங்கே எழுதிவிடுங்கள். என் தங்கை கணவர் கணினியிலும் இரண்டும் இருக்கின்றன. காலை 10 மணிக்கு அவர் விண்டோஸ் 4.30 என்கிறது, பேட்டரி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.