சைகஸ் உச்சி உப்பியிருக்கிறது: குருத்து எழும் முன் என்ன செய்ய வேண்டும்?

மாடிப்பச்சை (கேள்வி)

வணக்கம். தொட்டியில் வளரும் சைகஸ் ரெவல்யூட்டா (பனை போலத் தோன்றும் அழகுச்செடி) பற்றிக் கேட்க வேண்டும். அடித்தண்டு சுமார் 15 செ.மீ. அகலம், தொட்டி 14 அங்குலம், இப்போது 22 ஓலைகள். கலவை பாதி தோட்ட மண், கால் தேங்காய் நார்த்தூள், கால் மணல். காலை வெயில் மூன்று மணி நேரம் விழும். ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீர். கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். எல்லாப் பக்கமும் வெளிச்சம் படட்டும் என்று வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பி வைப்பதுண்டு.

போன தடவை விட்ட ஓலை அடுக்கு சரியாக அமையவில்லை. சில ஓலைகள் மஞ்சள் பாய்ந்து, நுனி சுருண்டு, பொரித்த மாதிரி காய்ந்தன. வேறு சிலவற்றில் ஒரு பக்கத்துச் சிற்றிலைகளே இல்லை, நடுக்காம்பு மட்டும் நின்றது. இரண்டும் ஒரே நோய்தானா?

இப்போது ஒரு வாரமாக உச்சியில் இருக்கும் கூரான செதில்கள் விலகி, நடுவில் பழுப்பு ரோமம் தெரிகிறது. வரப்போவது ஓலையா, பூவா? இந்த நேரத்தில் வெயிலுக்கு மாற்றலாமா? உரம் வைக்கலாமா? அழகுக்காகப் பழைய ஓலைகளை வெட்டிவிடலாமா?

ஓலைச்சுருள்

ஓலையா பூவா என்பதை ரோமத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஓலை, ஆண் கூம்பு, பெண் பூ மூன்றுக்குமே ரோமம் உண்டு. முனைகளைப் பாருங்கள். தனித்தனியாகப் பல முனைகள் உச்சியின் அகலம் முழுக்கப் பரவி மேலே வந்தால் ஓலை. நடுவில் ஒற்றைக் கூம்பாக, அன்னாசி போலச் செதில் அடுக்கோடு எழுந்தால் ஆண் கூம்பு. முட்டைக்கோஸ் மாதிரி உருண்டு, விளிம்பு இறகுபோலக் கிழிந்த பொன்பழுப்பு மடல்கள் ஒன்றையொன்று மூடியிருந்தால் பெண். 15 செ.மீ. தண்டில் பூ வருவது அரிது. உங்களுடையது ஓலையாகத்தான் இருக்கும்.

விலகியிருக்கும் அந்தக் கூரான செதில்களைப் பிய்த்துவிடாதீர்கள். அவையும் ஒருவகை இலைகள்தான், உள்ளே இருக்கும் குருத்தைக் காப்பவை. சைகஸ் ஒரு அடுக்கு ஓலை, ஒரு அடுக்கு செதில் என்று மாற்றி மாற்றி விடும்.

இனி என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். தென்னை மாதிரி ஒவ்வோர் ஓலையாக வராது. ஒரு அடுக்கு முழுவதும் ஒரே சமயத்தில் எழும். முதலில் நடுக்காம்புகள் ஈட்டிகள் போல நிமிர்ந்து நீளும். அப்போது சிற்றிலைகள் கடிகாரச் சுருள் போல உள்நோக்கிச் சுருண்டு காம்போடு ஒட்டியிருக்கும், பெரணியின் இளங்குருத்து போல. (சைகஸும் அதன் உறவுச் செடிகளும் சேர்ந்த சைகட்கள் எல்லாம் இப்படி இல்லை. அவற்றில் ஒன்றான ஜேமியாவில் சிற்றிலை நேராகவே வரும்.) காம்பு நன்றாக நீண்ட பிறகுதான் சுருள்கள் அவிழும். பின் ஓலைகள் வெளிப்பக்கம் சாய்ந்து, இளம்பச்சையாக, தொட்டால் துணிபோல மெத்தென்று இருக்கும். கடைசியில் நிறம் கருத்து விறைக்கும். ஈட்டி தெரிவதிலிருந்து விறைக்கும்வரை வெதுவெதுப்பான பருவத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். குளிர்ந்தால் இன்னும் நீளும்.

ஓலையின் அமைப்பு விரிகிற காலத்தில் கிடைக்கும் வெளிச்சத்தைப் பொறுத்து முடிவாகிறது. விறைத்த பிறகு எதையும் திருத்த முடியாது, அடுத்த அடுக்கு வரும்வரை அதே ஓலைகள்தான். வெளிச்சம் குறைந்தால் காம்பு அளவுக்கு மீறி நீண்டு, சிற்றிலைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, ஓலை தொய்யும். மூன்று மணி நேர வெயில் இந்த இனத்துக்குக் குறைவு. ஐந்தாறு மணி நேரம் விழும் இடத்துக்கு இன்றோ நாளையோ மாற்றிவிடுங்கள், ஈட்டிகள் விரல் நீளம் தாண்டுமுன். நிழலில் விறைத்த பழைய ஓலைகள் அங்கே ஓரளவு வெளுக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், புது அடுக்கு அந்த வெயிலுக்கே பழகி வளரும். புது அடுக்கு விரிந்தபின் மாற்றினால் கதை தலைகீழ்: வெந்துபோவது புது ஓலைகளாக இருக்கும்.

மாற்றியபின் தொட்டியைத் திருப்பவே கூடாது. வளரும் காம்பு வெளிச்சம் பார்த்து வளையும். வாராவாரம் திருப்பினால் ஒரே ஓலை இரண்டு மூன்று திசைக்கு முறுகி அப்படியே விறைத்துவிடும். தொட்டியின் விளிம்பில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள், கழுவ நகர்த்தினாலும் அதே முகமாக வைக்கலாம். ஓலை விறைத்த பிறகு திருப்புவதில் தடையில்லை.

நிழல்வலை

ஒரு பக்கத்துச் சிற்றிலைகள் காணாமல் போனது நோய் இல்லை. அது புழு. சைகஸ் குருத்தைத் தேடி வரும் சிறிய நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு, அறிவியல் பெயர் கைலேடஸ் பாண்டவா. ஈட்டி எழுந்த சில நாட்களிலேயே சுருண்ட சிற்றிலைகளின் ரோமத்துக்கு நடுவே தட்டையான, வெளிறிய முட்டைகளை வைத்துவிடும். புழு பச்சையாகவோ செந்நீலமாகவோ இருக்கும். சுருளுக்குள்ளேயே தின்பதால் வெளியே தெரியாது. சுருள் அவிழும்போதுதான் பாதி ஓலை இல்லை என்பது புரியும்.

புழுவைத் தேடுவதைவிட எறும்பைத் தேடுவது எளிது. இந்தப் புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் கூடவே காவல் நிற்கும். உச்சியை நோக்கி எறும்புச் சாரை ஏறினால் உள்ளே புழு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சிக்கும் எறும்பு வரும். ஆனால் குருத்துக் காலத்தில், குருத்தின் மேல் மட்டும் வந்தால் புழுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நல்ல தடுப்பு கொசுவலை. தொட்டியைச் சுற்றி நான்கு குச்சி ஊன்றி, வலையை மேலே போர்த்தி, அடியில் கயிறு கட்டிவிடுங்கள். வலை குருத்தைத் தொடக்கூடாது. தொடும் இடத்தில் பூச்சி வெளியே உட்கார்ந்தே முட்டை வைக்கும், காம்பும் வளைந்துபோகும். ஓலையின் கடைசி நீளம் எவ்வளவு இருக்கும் என்று பழைய அடுக்கைப் பார்த்து, அதைவிட ஒரு சாண் கூடுதல் உயரத்துக்குக் குச்சி வையுங்கள். சிற்றிலை நுனி விரலில் குத்தத் தொடங்கியதும் கழற்றிவிடலாம், விறைத்த இலையை இந்தப் புழுவால் கடிக்க முடியாது.

வலை கட்ட முடியாவிட்டால் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் குர்ஸ்டாகி என்ற நுண்ணுயிர்ப் புழுமருந்தைத் தெளிக்கலாம், பொட்டலத்தில் எழுதியுள்ள அளவில். வெயிலில் அதன் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில் தெளியுங்கள். குருத்து தினமும் நீள்கிறது, இன்று பட்ட மருந்து நாளை புதிதாக வெளிவரும் பகுதியில் இருக்காது. ஆகவே நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, விறைக்கும்வரை. இந்த மருந்தைப் புழு தின்றால்தான் சாகும். சிறியவற்றுக்கு நன்றாக வேலை செய்யும், பெருத்தவற்றைக் கையால் எடுத்துவிடுவதே மேல்.

மெல்லிய குருத்தின் மேல் வேப்பெண்ணெயோ வேறு எண்ணெயோ தெளிக்காதீர்கள். வெயிலில் வெந்துவிடும்.

புதுத்தளிர்

மஞ்சள் பாய்ந்த ஓலைக்கு எப்சம் உப்பு கொடுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மஞ்சளுக்குப் பொதுவாக மெக்னீசியக் குறைதான் காரணம்.

கல்மண்தொட்டி

புதுத்தளிர் சொல்வது பழைய ஓலை மஞ்சளானால் பொருந்தும், இங்கே பொருந்தாது. மெக்னீசியத்தைச் செடி பழைய ஓலையிலிருந்து எடுத்துப் புதியதற்குக் கொடுத்துவிடும். அதனால் குறை அடி ஓலைகளில்தான் தெரியும்: ஓரம் மஞ்சள், நடு பச்சை. மாங்கனீசை அப்படி இடம் மாற்ற முடியாது, ஆகவே குறை புது அடுக்கில் தெரியும். புது ஓலையே மஞ்சளாக, சுருங்கி, நுனி கருகி, பொரித்தது போல வந்தால் அது மாங்கனீசுக் குறை. பெயர்கள் ஒலிப்பில் ஒத்திருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, எப்சம் உப்பைக் கொட்டி ஒரு வருடத்தை இழக்கிறார்கள். சைகஸுக்கு ஒரு அடுக்கு என்பது பெரும்பாலும் ஒரு வருடம். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் தொட்டியில் காரணமும் தெரிகிறது. பாத்திரத்தில் படியும் வெள்ளை சுண்ணாம்புச் சத்து. அந்த நீரை ஊற்ற ஊற்ற மண் காரமாகும், காரமண்ணில் மாங்கனீசு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாத வடிவத்துக்குப் போய்விடும். புதிய சிமெண்ட் சுவர் ஓரம் நட்ட செடிகளுக்கும் இதே கதி. மண் குளிர்ந்திருந்தாலும், வேர் அழுகியிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

பொரிந்த ஓலை மீளாது. எழப்போகும் அடுக்கும் உச்சிக்குள் பல நாட்களுக்கு முன்பே உருவாகிவிட்டது, இப்போது மண்ணில் போடுவது அதற்கு முழுதாகப் போய்ச் சேராது. அதனால் இரண்டு வழியிலும் கொடுங்கள். மாங்கனீசு சல்பேட் லிட்டருக்கு 1 கிராம் கரைத்துப் பழைய ஓலைகளின் இரு பக்கமும், உச்சியிலும் மாலையில் தெளியுங்கள். சுருள்கள் அவிழ்ந்தபின் புது ஓலைக்கு ஒருமுறை. மண்ணுக்கு 2 லிட்டர் நீரில் 2 கிராம், மாதம் ஒருமுறை, மூன்று மாதம். அதற்கு மேல் வேண்டாம். மாங்கனீசு மிகுந்தால் இரும்பு கிடைப்பது தடைபடும், மறுபடி புது ஓலை மஞ்சளாகும். மழைநீர் கிடைத்தால் குருத்துக் காலத்திலாவது அதையே ஊற்றுங்கள்.

உரம்: ஈட்டி எழுந்தபின் புதிதாக எதையும் குவிக்க வேண்டாம், மட்காத சாணத்தை மறந்துகூட வைக்க வேண்டாம். அடுக்கு விறைத்ததும் மெதுவாகக் கரையும் உரம். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் ஏறக்குறையச் சமமாகவும் மணிச்சத்து குறைவாகவும் உள்ளதாக, நுண்ணூட்டங்கள் சேர்ந்ததாகப் பாருங்கள். அடுத்த தவணை அடுத்த குருத்துப் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்.

தண்ணீரில்தான் குருத்துக் காலம் மற்ற மாதங்களிலிருந்து மாறுபடும். மற்ற நாட்களில் மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்தபின் ஊற்றினால் போதும். குருத்து நீளும்போது முழுதாகக் காய விடக்கூடாது, ஒருமுறை வாடினால் ஓலை குட்டையாக நின்றுவிடும். அதற்காகத் தினமும் ஊற்றவும் முடியாது, ஏனென்றால் உங்கள் கலவை நீரைப் பிடித்து வைக்கும். பாதி தோட்ட மண் மிக அதிகம். ஆனால் இப்போது தொட்டி மாற்றாதீர்கள். வேர் அறுந்தால் பாதிக் குருத்து உள்ளேயே கருகும். விறைத்தபின் மாற்றுங்கள்: பருமணலோ பியூமிஸோ பெர்லைட்டோ மூன்று பங்கு, தேங்காய் மட்டைத் துண்டுகள் ஒரு பங்கு, மட்கிய இலையுரம் ஒரு பங்கு. மணல் என்றால் சலித்து எடுத்த பருமணல், பூச்சு மணல் இல்லை. புதிய தொட்டி இப்போதையதைவிட இரண்டு அங்குலம் அகலம் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலில் முடியும்.

பழைய ஓலைகளை வெட்ட வேண்டாம் என்பது என் கருத்து. பச்சையாக இருக்கும்வரை அவைதான் குருத்துக்குச் சோறு போடுகின்றன. மொட்டையடித்தால் தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டுதான் குருத்து விட வேண்டும், அடுத்த அடுக்கு சிறுக்கும். முழுக்கப் பழுத்துக் காய்ந்ததை மட்டும் எடுங்கள். வெட்டியதை நாய், மாடு வாயில் படும்படி போடாதீர்கள். செடி முழுவதும் நஞ்சு, விதை எல்லாவற்றிலும் கொடியது, ஈரலைக் கெடுக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: பழைய ஓலையின் அடியில் வெள்ளைச் செதில் பூச்சி அப்பியிருந்தால். அதன் குஞ்சுகள் நேராகப் புதுக் குருத்துக்கு ஏறும். ஓலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

மாடிப்பச்சை

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஆறு மணி நேர வெயிலுக்கு மாற்றிவிட்டேன். பன்னிரண்டு முனைகள் எண்ண முடிகிறது, எல்லாம் தனித்தனி. ஓலைகளைத் திருப்பிப் பார்த்ததில் கீழ் மூன்று ஓலைகளின் அடியில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. ஈரத்துணியால் துடைத்தால் போகவில்லை. மண்ணின் மேலே பவளம் போலக் கிளைத்த முடிச்சு வேர்களும் தெரிகின்றன. அதுவும் பூச்சியா?

கல்மண்தொட்டி

முடிச்சுகளைத் தொடாதீர்கள், அவை பவள வேர்கள். உள்ளே வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துச் செடிக்குக் கொடுக்கிறது. மேல்நோக்கி வளர்வதே அவற்றின் இயல்பு. மண் போட்டு மூடவும் வேண்டாம்.

வெள்ளைப் புள்ளியை நகத்தால் நசுக்குங்கள். உலர்ந்த பொடியாக உதிர்ந்தால் செத்தது. செத்த செதில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரமாக, மஞ்சளோ ஆரஞ்சோ கசிந்தால் உயிரோடிருக்கிறது. உயிருள்ளது என்றால் அந்த மூன்று ஓலைகளையும் இன்றே வெட்டிப் பையில் கட்டி அகற்றுங்கள். மற்ற ஓலைகளின் அடிப்பக்கம் தோட்ட எண்ணெய் (செடிகளில் பூச்சிக்குத் தெளிக்கும் எண்ணெய்) லிட்டருக்கு 10 மி.லி., மாலையில், பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. தெளிக்கும்போது உச்சியை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். இது சைகஸுக்கென்றே உள்ள ஆசியச் செதில் பூச்சியாக இருந்தால் வேரிலும் இருக்கும், ஓலையில் தெளிப்பது மட்டும் போதாது. விறைத்தபின் தொட்டி மாற்றும்போது வேரில் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிழல்வலை

பன்னிரண்டு முனை தெரிகிறது என்றால் வலையை இன்றே கட்டிவிடுங்கள். கட்டும் முன் ஒவ்வொரு முனையையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, முட்டை இருந்தால் மெல்லிய தூரிகையால் தள்ளிவிடுங்கள். உள்ளே முட்டையை வைத்துக்கொண்டு வலை போர்த்தினால் புழுவுக்குத்தான் அது பாதுகாப்பு.