நாப்ளஸ் ஆலிவ் எண்ணெய் சோப்பு: பார்த்தவர்கள், பயன்படுத்தியவர்கள் எழுதுங்கள்

எருசலேம் யாத்திரை போகும் நம் ஊர்க் குழுக்கள் சில, யாக்கோபின் கிணற்றைப் பார்க்க, பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் இருக்கும் நாப்ளஸ் நகரம் வரை போவதுண்டு. கிணற்றைப் பார்த்த கையோடு பஸ் ஏறிவிடுவார்கள். நாங்கள் வழிகாட்டியிடம் கெஞ்சிக் கேட்டு, பழைய நகரத்தில் ஒரு குடும்பம் தலைமுறைகளாக நடத்தும் சோப்புப் பட்டறைக்குப் போனோம்.

சேர்மானம் மூன்றே: ஆலிவ் எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா. அந்தக் காலத்தில் ஒருவகைச் செடியை எரித்த சாம்பலோடு சுண்ணாம்பு சேர்த்து, காஸ்டிக் சோடாவுக்குப் பதிலான காரத்தை எடுத்தார்களாம். கீழ்த்தளத்துக் கொப்பரையில் நாள்கணக்கில் காய்கிறது. மேஸ்திரி ஒரு கட்டையை உள்ளே விட்டெடுத்து, ஒட்டியிருப்பதை முகர்ந்து பதம் பார்க்கிறார். அவர் சரி என்று சொல்லும்வரை அடுப்பு அணையாது.

பதம் வந்ததும் சூடான பாகை வாளிகளில் அள்ளி, தோளில் சுமந்து மாடி ஏறுகிறார்கள். மாடியில் அச்சுப்பெட்டி எதுவும் கிடையாது. தரையிலேயே ஊற்றிப் பரப்பிவிடுகிறார்கள். இறுகியபின், தச்சர் நூல் அடிப்பதுபோல, சாயம் தோய்த்த நூலை இருபுறமும் இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போடுகிறார்கள். ஒருவர் குனிந்தபடியே வருகிறார். இரண்டு கையிலும் மரச்சுத்தி, அதன் முகத்தில் குடும்ப முத்திரை. டக், டக், டக்கென்று கட்டத்துக்கு ஒரு அடி. ஒன்றுகூடக் கோணவில்லை. நிமிர்ந்து ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி குனிகிறார். அந்த முதுகை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

வெட்டிய கட்டிகளை வட்டவட்டமாக, இடைவெளி விட்டு, நடுவில் கூடாக, மேலே போகப்போகக் குறுகும் கோபுரங்களாக அடுக்குகிறார்கள். ஆள் உயரத்தைத் தாண்டுகிறது. அந்த இடுக்குகள் வழியே காற்று ஓடி, மாதக்கணக்கில் காய்ந்தபிறகுதான் கையால் தாள் சுற்றுகிறார்கள். நாம் கொடுக்கும் காசு முக்கியமாக இந்தக் காத்திருப்புக்குத்தான் என்பேன்.

1907-ல் அந்த ஊரில் 30 சோப்பு ஆலைகள் இருந்தன. 1927 நிலநடுக்கம் நகரத்தை உலுக்கியது. 2002-ல் இஸ்ரேல் ராணுவம் நுழைந்தபோது பழைய நகரத்துச் சோப்பு ஆலைகள் சிலவும் இடிந்தன. இப்போது மிஞ்சியிருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2024 டிசம்பரில் இந்தத் தொழில்மரபை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது பெரிய ஆறுதல். ஆனாலும் வாங்க ஆள் இருந்தால்தான் அடுத்த தலைமுறை வாளி சுமந்து அந்த மாடி ஏறும்.

*

அண்ணா, நாங்கள் துபாயில் இருக்கிறோம். வீட்டில் புழங்குவது இதற்கு உறவான, சிரியா நாட்டு அலெப்போ நகரத்துச் சோப்பு. அதில் ஆலிவ் எண்ணெயோடு, லாரல் என்ற மணமுள்ள மரத்தின் எண்ணெயும் சேரும். வெளியே பழுப்பு நிறம். நறுக்கினால் உள்ளே பச்சை. அதையும் அதே 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பழகிவிட்டால் அந்த மூலிகை மணம் விடாது. லீவுக்கு ஊருக்கு எடுத்துப் போனேன். எங்கள் போர்வெல் தண்ணீரில் நுரையே வரவில்லை. "யாரோ ஏமாத்திட்டாங்கடி" என்றார் அம்மா. நாப்ளஸ் சோப்பும் இப்படித்தானா?

*

அதேதான் தங்கச்சி. சோப்பில் குறை இல்லை. உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் பட்டால் எந்த அசல் சோப்பும் திரிந்து, வாளியில் ஏடு கட்டும். மழைத் தண்ணீரில் சோப்பைப் போட்டுப் பார்க்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். அப்போதும் பொங்காது; மெல்லிய, வழவழப்பான நுரைதான் வரும். நாப்ளஸ் சோப்பு தந்தம்போல வெண்மையாக இருக்கும், வாசனை கிட்டத்தட்ட இல்லை. நனைந்தபடி கிடந்தால் இரண்டுமே குழைந்துவிடும், அதனால் அடியில் ஓட்டையுள்ள டப்பாவில் வையுங்கள். மிச்சக் கட்டிகளைக் காற்றாட அலமாரியில் வைத்தால் இன்னும் இறுகும், சீக்கிரம் கரையாது.