கலைச்சொல் தேவை: வாக்குகள் சமமானால் அவைத்தலைவர் போடும் வாக்கு

குழுவினருக்கு வணக்கம். ஞாயிறு காலை எங்கள் தமிழ்ப் பள்ளியில் அமெரிக்க செனட் பாடம். 100 உறுப்பினர்கள் கொண்ட அந்த அவையில் வாக்குகள் 50-50 போலச் சமமாகப் பிரிந்தால் மட்டுமே, அவைத்தலைவரான துணை அதிபருக்கு வாக்கு. துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ் 33 முறை போட்டு, 19-ஆம் நூற்றாண்டுத் துணை அதிபர் கால்ஹூனின் 31-ஐத் தாண்டினார். இந்தக் காஸ்டிங் வோட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? போன வாரம் கரும்பலகையில் ‘இறுதி வாக்கு’ என்று எழுதினேன். “லேட்டா வந்து போடுறதா டீச்சர்?” என்றான் ஒரு பையன். சனி இரவு பாடத்தாள் அச்சுக்குப் போகிறது.
– க.

> ‘தீர்மான வாக்கு’தான் இருக்கிறதே அம்மா.

இருக்கிறது, ஆனால் இடிக்கிறது. “தீர்மானத்துக்கு ஆதரவாகத் தீர்மான வாக்கு அளித்தார்” என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். ‘அறுதி வாக்கு’ம் வேண்டாம், அறுதிப் பெரும்பான்மையோடு பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். சாய்வாக்கு எனலாமா? வினைத்தொகை, தராசைச் சாய்ப்பது.
– மு.

ஐயா, அது ‘சாய்வு ஆக்கு’ என்றும் பிரியுமே. தவிர, சாய் என்றதும் தானே சாய்கிற தன்வினைதான் முதலில் தோன்றும். இங்கே வேண்டியது, சாய்க்கிற பிறவினை. தராசும் பாரசீகம். புறநானூற்று ஆறாம் பாட்டில் காரிகிழார் ‘தெரிகோல் ஞமன்ன் போல’ என்கிறார். ஞமன் என்றால் துலாக்கோலின் நடுநா. ஞமன்வாக்கு! இரு தட்டும் சமமாக நிற்கையில் எல்லாக் கண்ணும் அந்த நாவின் மேல்தானே? (‘வாக்கு’ வடசொல். அதற்குப் பிறகு வருகிறேன்.)
– வே.

வே. ஐயாவுக்கு, ஞமனுக்கு எமன் என்றும் பொருள் உண்டு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலில் எது தோன்றும்? அதைவிடப் பெரிய தடை, அந்த அடி ‘ஒரு திறம் பற்றல் இலியரோ’ என்று தொடர்வது. ஒரு பக்கமும் சேராதிரு என்று அரசனை வாழ்த்துகிறார் புலவர். இந்த வாக்கோ ஒரு பக்கம் சேரத்தான். 2017-ல் பெட்ஸி டிவோஸின் கல்வி அமைச்சர் நியமனம் செனட்டில் 50-50 என நின்றபோது, அன்றைய துணை அதிபர் பென்ஸ் தம் கட்சியின் பக்கமே போட்டார்.
– மு.

சமமாகும்வரை நா நடுவில்தானே நிற்கிறது? நம் மாநிலங்களவைத் தலைவருக்கும் அரசமைப்பின் 100-வது உறுப்பு அதைத்தான் விதிக்கிறது: முதலில் வாக்கில்லை, சமமானால் உண்டு.
– வே.

‘தலைவர் வாக்கு’ என்று சுருக்கிவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆஸ்திரேலிய செனட்டில் தலைவரும் மற்றவர்களோடு சேர்ந்தே வாக்களிப்பார். சமமானால் தீர்மானம் தோற்றது, அவ்வளவுதான். கனடா செனட்டிலும் சமமென்றால் தோல்வியே.
– செ.

இரவு பதினொன்றாகிவிட்டது. ‘சமன் தீர்க்கும் வாக்கு’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். மு. ஐயாவும் செ.யும் இன்னும் இருவரும் சரி என்றார்கள். பிள்ளைகளுக்கு விளக்கவுரை இல்லாமலே புரியும்.
– க.

புரியும் அம்மா. ஆனால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. நாளை ‘அந்த வாக்கைப் பெற்ற மசோதா’ என்று ஒரே சொல்லில் எழுத நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? என் ஓட்டு ஞமனுக்கே. ‘வாக்கு’க்கு ‘ஓலை’ என்பது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
– வே.