'இணைப்பு' போதவில்லை: இசைவுச்சேர்வு எனலாமா?

ஐயா, வணக்கம்.

ஒரு நாடு பொருளாதாரச் சமூகத்தில், அதாவது பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பொருளாதாரக் கூட்டமைப்பில், சேர்வதைக் குறிக்கும் accession என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'இணைப்பு' போதும் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்தேன். சேலத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பற்றிப் பாடம் எடுத்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ பிரிட்டனை யார் இணைச்சாங்க?" நல்ல கேள்வி. இணைப்பு என்றதும் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்ப்பதுதான் நம் மனத்தில் வருகிறது. அங்கே சேர்ப்பவர் வேறு, சேர்கிற ஊர் வேறு.

பிரிட்டன் தானே போய்க் கேட்டது. 1961-இல் விண்ணப்பம்; 1963-இல் பிரான்சின் அதிபர் டி கோல் மறுத்தார், 1967-இல் மறுபடியும் மறுத்தார். 1973-இல்தான் உள்ளே போக முடிந்தது. அதற்குள் வேளாண் கொள்கை வரைக்கும் முதல் ஆறு நாடுகள் விதி எழுதி முடித்திருந்தன. ஓடிக்கொண்டிருக்கும் சீட்டில் நடுவில் சேர்வது மாதிரி இது. பழைய தவணையைக் கட்டி, போட்ட விதிக்கு ஒப்புக்கொண்டால்தான் இடம். கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பேரம் பேசலாம். அந்த ஒப்புதல் நம் சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

முதலில் 'ஏற்றுச்சேர்வு' என்று எழுதிப் பார்த்தேன். பொருளாதாரப் பாடத்தில் 'ஏற்று' என்றாலே பிள்ளைகள் ஏற்றுமதிக்குப் போய்விடுகிறார்கள். அதனால் 'இசைவுச்சேர்வு'. இசைவுச்சேர்வு ஒப்பந்தம், இசைவுச்சேர்வுப் பேச்சுவார்த்தை என்று நீட்டினாலும் நாக்கு இடறவில்லை.

அப்புறம் நார்வே. 1972-இல் சமூகத்தில் சேரவும் 1994-இல் அதன் வழிவந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவும் வாக்கெடுப்பு வைத்தார்கள். இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் 1994 முதல் அந்த நாடு ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பில் இருக்கிறது; ஒன்றியத்தில் சேராமலே அதன் ஒற்றைச் சந்தையில், அதாவது பொதுச் சந்தையில், பங்குபெறும் ஏற்பாடு அது. ஒற்றைச் சந்தையின் சட்டங்களை ஏற்கிறது, பணமும் கட்டுகிறது; அந்தச் சட்டங்களை நிறைவேற்றும்போது அதற்கு வாக்கு இல்லை. இதை 'பகுதி இணைப்பு' என்றால் பாதி தூரம் உள்ளே போனதாகத் தோன்றுகிறது. எனக்கு ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி படர்கிறது, ஆனால் வேர் தனி. மரத்தைக் கவாத்து செய்யும்போது கொடியை யாரும் கேட்பதில்லை. 'படர்விணைவு' என்று குறித்து வைத்திருக்கிறேன்.

'இசைவு' சட்டத் தமிழில் சம்மதம் என்ற பொருளில் புழங்குகிறது. இங்கே அது குழப்புமா என்று நம் சொல்லாக்கக் குழுவிலுள்ள வழக்கறிஞர்கள் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் பாடக்குறிப்பை அச்சுக்குக் கொடுக்கிறேன். அதற்குள் தெரிந்தால் திருத்திவிடுவேன்.