முகவரி என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள்? முதல் வேலை தேடிய மலையகப் பட்டதாரிகளின் அனுபவங்கள்

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒருவர்:

இந்த ஆண்டு பட்டம் பெற்று வெளியேறும் தம்பி தங்கையருக்குப் பயன்படக்கூடும் என்பதால், என் முதல் வேலை கைநழுவிப் போன கதையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புப் பட்டத்தை முடித்துக்கொண்டு 2017ஆம் ஆண்டு நான் வீடு திரும்பினேன். வீடு என்பது, தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்த அம்மாவுக்குக் கிடைத்திருந்த லயக் காம்பரா, அதாவது தொழிலாளருக்கான வரிசை வீடுகளில் ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் அரச வர்த்தமானியை ஹட்டன் நகரிலிருந்த ஒரு போட்டோ கொப்பிக் கடையில் பார்ப்பேன். பட்டதாரிகளுக்கான பதவிகள் வந்திருந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் பிரதி எடுத்துக்கொள்வேன். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரைக் குறிப்பிட வேண்டும், முடிவுத் திகதிக்குப் பின்னர் கிடைப்பவை நிராகரிக்கப்படும் என்ற நிபந்தனைகள் எனக்கு மனப்பாடமாகியிருந்தன. எட்டு மாதங்களில் 14 விண்ணப்பங்களை அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் முகவரி என்ற இடத்தில் பெயர், பிரிவு, தோட்டம், தபாலகம் என நான்கு வரிகள் எழுதினேன். வீட்டிலக்கமோ வீதியின் பெயரோ எழுதுவதற்கு எங்களிடம் இல்லை.

தோட்டத்துக்குக் கடிதம் வந்து சேரும் வழியை அறியாதவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். நகரத் தபாலகத்துக்கு வரும் எங்கள் கடிதங்கள் யாவும் ஒரே கட்டாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே பிரிவு வாரியாகப் பிரிக்கப்பட்டு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வரும், தொழிலாளரை மேற்பார்வை செய்யும் கங்காணியிடமோ, பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளிடமோ கொடுத்தனுப்பப்படும். தபால்காரர் லயத்து வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்ததை எங்கள் பிரிவில் நான் கண்டதே இல்லை.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், கொழும்பிலுள்ள ஓர் அரச நிறுவனம் என்னை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தது. கடிதத்தில் இருந்த திகதி 1. எங்கள் நகரத் தபாலகத்தின் முத்திரை 6. நேர்முகப் பரீட்சை 15ஆம் திகதி காலை 9 மணிக்கு. கடிதம் என் கைக்குக் கிடைத்தது 17ஆம் திகதி மாலை. கொழும்பிலிருந்து எங்கள் நகரத்துக்கு ஐந்தே நாட்களில் வந்துவிட்ட உறை, தோட்டத்துக்குள் பதினொரு நாட்கள் சுற்றியிருக்கிறது என்பதை முத்திரைகளைப் பார்த்துத்தான் கணக்கிட்டேன்.

அது கங்காணியின் கோட்டுப் பையில் இருந்திருக்கிறது. அவர் மறந்துபோகவில்லை. கபில நிற உறை, தட்டச்சில் ஆங்கில முகவரி, மூலையில் அரச இலச்சினை. இவற்றைக் கண்ட அவர், கடன் தொடர்பாக நீதிமன்றத்திலிருந்து வந்த அறிவித்தல் என்று நினைத்துவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் லயங்களில் நுண்கடன் வாங்கித் தவணை கட்ட முடியாமல் தவித்தவர்கள் பலர். அப்படிப்பட்ட உறையைப் பெண்கள் கூடியிருக்கும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவின் கையில் கொடுத்தால் மானம் போகுமே என்று, கொழும்பில் கடை வேலை செய்துகொண்டிருந்த அப்பா வரும்வரை பத்திரமாக வைத்திருந்தாராம். அப்பா மாதம் ஒருமுறைதான் வருவார். அன்று எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தின் மானத்தைக் காப்பதற்காகவே என் வேலையைக் கெடுத்த அந்த மனிதரை இன்றுவரை என்னால் வெறுக்க முடியவில்லை.

மறுநாள் அதிகாலைப் பஸ்ஸில் கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போய், உறையையும் முத்திரைகளையும் காட்டி விளக்கினேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டார். “வீட்டிலக்கம் இல்லையா?” என்று சிங்களத்தில் இரண்டு முறை கேட்டார், பேராதனையில் கற்ற சிங்களத்தில் “இல்லை” என்றேன். புள்ளிப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

அதன் பிறகு, மாமா வேலை செய்த ஹட்டன் கடையின் முகவரியை முதலாளியிடம் அனுமதி பெற்றுப் பயன்படுத்தத் தொடங்கினேன். நம்மில் பலர் இதைச் செய்கிறார்கள், ஆனால் ஒரு சிக்கலைக் கவனிப்பதில்லை. விண்ணப்பத்தில் கடை முகவரியை மட்டும் எழுதினால், பின்னர் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழிலும் வாக்காளர் இடாப்பிலும் உள்ள தோட்ட முகவரியோடு அது பொருந்தாது. பொருந்தாததை விளக்கவே தனியாக அலைய வேண்டியிருக்கும். நிரந்தர முகவரிக்குத் தோட்டத்தையும், கடிதத் தொடர்புக்குக் கடையையும் தனித்தனியாக எழுதுங்கள். படிவத்தில் ஓர் இடம்தான் இருக்கிறதென்றால், இரண்டாவதை இணைப்புக் கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். பதிவுத் தபால் பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். போட்டிப் பரீட்சையின் அனுமதி அட்டை வந்து சேராதபோது விசாரிப்பதற்கு அந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள். அந்த ஆண்டு இறுதியில் கண்டியிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து, நில அளவைத் தரவுகளைக் கணினியில் வரைபடமாக்கும் வேலைக்கு அழைப்பு வந்தது. கடிதம் கடைக்கு வந்து அரை மணித்தியாலத்துக்குள் முதலாளியே எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டிவிட்டார்.

ஹப்புத்தளையிலிருந்து ஒருவர்:

மேலே எழுதியிருக்கும் அண்ணாவுக்குக் கடிதம் தாமதமாகக் கிடைத்தது. எனக்குக் கடிதம் நேரத்துக்கே கிடைத்தது. ஆனால் அதிலிருந்த முகவரி என்னோடு நேர்முகப் பரீட்சை அறைக்குள்ளும் வந்துவிட்டது. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படித்த நான், கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதி நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். மூவர் இருந்தனர். என் சுயவிபரக்கோவையைப் புரட்டிய ஒருவர், தோட்டத்தின் பெயரை உரக்க வாசித்துவிட்டு, “ஸ்டாப் குவாட்டர்ஸா, லயமா?” என்று கேட்டார். தோட்ட உத்தியோகத்தர் விடுதியா, தொழிலாளர் லயமா என்பதுதான் கேள்வி. பட்டத்தைப் பற்றிய கேள்விக்கு முன்பே அது வந்தது. லயம்தான், அம்மா கொழுந்து எடுப்பவர் என்றேன். குரல் நடுங்கியதா என்று எனக்கு நினைவில்லை, நடுங்கியிருக்க வேண்டும்.

அடுத்ததாக, ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு எத்தனை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று மற்றொருவர் கேட்டார். சுமார் நாலரைக் கிலோ என்பது பாடப்புத்தக விடை. அதைச் சொல்லிவிட்டு, மழைக் கொழுந்துக்கும் வெயில் கொழுந்துக்கும் ஒரே கணக்கு வராது என்றும், வாட்டுவதற்கு முன்பே இலையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான் என்றும், மழை நாட்களில் தராசில் நீருக்கென்று சில கிலோக்களைக் கழிக்கும்போது மடுவத்தில் எழும் சண்டையைக் கேட்டே நான் வளர்ந்தேன் என்றும் சொன்னேன். நடுவில் இருந்த பெண் உத்தியோகத்தர் சிரித்துவிட்டார். முதலில் கேட்டவர் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வெள்ளவத்தை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டது என்பது வேறு கதை.

“லயமா?” என்ற கேள்வியைத் தவிர்ப்பதற்காகச் சில நண்பர்கள் கொழும்பு உறவினரின் முகவரியை எழுதுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நேர்முகப் பரீட்சையில் அந்த வீதியைப் பற்றி நாலு கேள்வி கேட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர்:

இப்போது எல்லாம் மின்னஞ்சலில் நடக்கிறதே என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. கொரோனாக் காலமான 2021இல், கணக்கியல் பட்டத்தோடு வீட்டிலிருந்த எனக்கு நேர்முகப் பரீட்சை இணையவழியில் நடந்தது. எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்காது. மேட்டிலுள்ள மாரியம்மன் கோயில் படிகளில் மட்டும் இரண்டு கோடு வரும். மேலே வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக, கீழே சாரத்தோடு, குடையைத் தம்பி பிடித்துக்கொண்டிருக்க, அங்கே அமர்ந்து பதில் சொன்னேன். இடையில் பூசை மணி அடித்தது. என்ன சத்தம் என்று கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன், மணி ஓயும்வரை காத்திருந்தார்கள். வேலை கிடைத்த செய்தி அன்று மாலையே மின்னஞ்சலில் வந்துவிட்டது. நியமனக் கடிதத்தின் அசல் பிரதி மட்டும் தபாலில் வந்தது. நான் வேலையில் சேர்ந்து மூன்று வாரங்கள் கழிந்த பின்னர், பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் பாடசாலைப் பையிலிருந்து, இரண்டாக மடிந்து, அது அம்மாவின் கைக்கு வந்து சேர்ந்தது.