பில்லிங் கவுண்டரை எடுத்தாச்சு, மிச்சமான சம்பளம் யாருக்கு?

தாமிரபரணிக்கரை:
என் சித்தி மகள் தி.நகர்ல ஒரு பெரிய ஜவுளிக்கடையில பில் போடுற வேலையில இருந்தா. தீபாவளிக் கூட்டம் ஓய்ஞ்சதும் அந்த மாடியில பில்லிங் கவுண்டரையே எடுத்துட்டாங்க. முன்னாடி எப்படின்னா, சேலை காட்டுற பிள்ளை துண்டுச்சீட்டு எழுதும், பில்லிங்ல ஒருத்தி அடிப்பா, கேஷ்ல ஒருத்தர் பணம் வாங்குவார், டெலிவரி கவுண்டர்ல ஒருத்தர் பில்லுல சீல் குத்திப் பையைக் குடுப்பார். இப்போ சேலை காட்டுற பிள்ளை கையிலேயே ஸ்கேனர். அவளே பார்கோடு அடிக்கிறா, க்யூஆர் காட்டிப் பணம் வாங்குறா, மடிச்சுக் கவர்ல போட்டும் குடுக்குறா. சம்பளம் பழைய சம்பளம்தான். என் தங்கச்சியை சேலைப் பிரிவுக்கு மாத்திட்டாங்க. உட்கார்ந்து பார்த்த வேலை போயி, காலையில இருந்து ராத்திரி ஷட்டர் இறங்குற வரைக்கும் நிக்கிறா. ஸ்கேனரைக் குத்தம் சொல்ல வரல. அதனால மிச்சமாகுற காசுல அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவளுக்கு ஏன் ஒரு பங்கும் இல்லை?

மதுரை கடைக்காரர்:
தம்பி, நானும் மாசி வீதிப் பக்கம் சின்னதா ஜவுளிக்கடை வச்சிருக்கேன், அதனால சொல்றேன். மிச்சம் மிச்சம்னு சொல்றீங்களே, அது எங்க இருக்கு? வாடகை, கரண்ட் பில், ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவருக்கு ஒரு தொகை, போதாக்குறைக்கு ஆன்லைன்காரன் குடுக்கிற தள்ளுபடி. கடைக்கு வர்ற அம்மா போன்ல அதே டிசைனைக் காட்டி, அங்க இருநூறு ரூபாய் கம்மின்னு சொல்றாங்க. ஆளும் கிடைக்கல. பையன்க பைக் எடுத்துக்கிட்டு டெலிவரிக்குப் போறானுங்க. ஆள் இல்லாததாலதான் மெஷின் வாங்குறோம். கூலியை இன்னும் ஏத்தச் சொன்னா, இருக்கிற பத்துப் பேர்ல ரெண்டு பேரைக் குறைக்கிறதைத் தவிர வழியில்லை.

மென்பொருள் மணி:
அண்ணாச்சி சொல்றதுதான் நடைமுறை. எண்பதுகள்ல பேங்க்ல கம்ப்யூட்டர் வந்தப்போ இதே கூக்குரல்தான், வேலை போச்சுன்னாங்க. என்ன ஆச்சு? கிளைகள் பெருகுச்சு, கணக்கு வச்சிருக்கிறவங்க பெருகினாங்க, பேங்க் வேலை இன்னைக்கும் நல்ல வேலைதான். தொழில்நுட்பத்தைத் தடுத்து யாரும் முன்னேறினது இல்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியன்:
வங்கி உதாரணத்தை எடுத்ததால் சொல்கிறேன். நாங்கள் கணினியைச் சும்மா எதிர்த்துவிட்டுப் போகவில்லை. 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே இயந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தமே கையெழுத்தானது. எந்த இயந்திரம், எங்கே, எத்தனை என்பதெல்லாம் மேசையில் பேசி முடிவானது. வங்கிகளில் கணினியைக் கொண்டுவருவது பற்றிய ரங்கராஜன் குழு அறிக்கை அடுத்த ஆண்டு வந்தது. அதன் பிறகும் படிப்படியாகத்தான் கணினி நுழைந்தது. சம்பளம் இருதரப்பு ஒப்பந்தத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. கணினி வந்ததால் எங்களுக்கு நல்லது நடந்தது என்று நீங்கள் நினைப்பதில் பாதி, பேசுவதற்கு எங்களிடம் ஒரு சங்கம் இருந்ததால் நடந்தது. ஜவுளிக்கடைப் பெண் யாரிடம் பேசுவாள்? பாதிப் பேர் கடை விடுதியில் தங்கி, கடை மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள். வேலை போனால் அன்றிரவு படுக்க இடம் இல்லை.

மதுரை கடைக்காரர்:
சாப்பாடும் தங்குறதும் நாங்கதான் குடுக்கிறோம் சார். அதையும் சம்பளத்தோட கூட்டிப் பாருங்க, அவ்வளவு கம்மியா தெரியாது.

தாமிரபரணிக்கரை:
அண்ணாச்சி, 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துலயே அந்தக் கூலியை ரொக்கமா குடுக்கணும்னுதான் இருந்துச்சு. பண்டமா குடுக்கணும்னா அரசு தனியா அறிவிக்கணும். விடுதியில ஒரு அறைக்குள்ள எத்தனை பேர் படுக்கிறாங்கன்னு போயிப் பார்த்திருக்கேன், அதைச் சம்பளம்னு சொன்னா மனசு ஒத்துக்கல. சட்டம் எப்படி நடக்குதுன்னும் சொல்றேன். 2021ல நம்ம சட்டசபையில கடைகள் சட்டத்துல 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர் உட்கார இருக்கை குடுக்கணும்னு கொண்டுவந்தாங்க. கேரளாவுல 2018லயே வந்தாச்சு. என் தங்கச்சி மாடியில ஸ்டூல் இருக்கு. அதுக்கு மேல பிளவுஸ் பிட் அடுக்கி வச்சிருக்காங்க. ஆபீசர் வந்தா எடுத்துடுவாங்களாம். அவளுக்குக் கெண்டைக்கால்ல நரம்பு சுருண்டு நிக்குது, இன்னும் முப்பது வயசு ஆகல.

செங்காங்வாசி:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே பேரங்காடிகளில் நாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்கள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் ஒரு அக்கா மட்டும் நிற்பார். ஆனால் சில்லறை விற்பனைத் துறைக்குப் படிப்படியான சம்பள முறையை 2022 செப்டம்பரில் கொண்டுவந்தார்கள். காசாளருக்கு அடிமட்ட மாதச் சம்பளம் அன்று 1,850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2024இல் 2,175. வெளிநாட்டு ஊழியரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் உள்ளூர் ஆட்களுக்கு இதைக் கொடுத்தே ஆகவேண்டும். தொகையை அரசு, முதலாளி, சங்கம் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். ஆக, இயந்திரமும் சம்பள உயர்வும் ஒரே நேரத்தில் வர முடிகிறது.

மென்பொருள் மணி:
சிங்கப்பூரையும் தி.நகரையும் ஒண்ணா வைக்காதீங்க. அங்க ஆள் பற்றாக்குறை, இங்க வேலை கேட்டு வரிசையில நிக்கிறாங்க. சட்டம் போட்டுக் கூலியை ஏத்தினா ஆளைக் குறைப்பாங்க, சாதாரணக் கணக்கு.

அரும்பு:
மணி சார், ஆள் கிடைக்கலன்னு கடைக்காரர் சொல்றார், வரிசையில நிக்கிறாங்கன்னு நீங்க சொல்றீங்க. ரெண்டும் எப்படி உண்மையாகும்? அந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கலங்கிறதுதான் உண்மை.
நீங்க சொல்ற கணக்கை ஆராய்ஞ்சு பார்த்திருக்காங்க. 1992ல அமெரிக்காவுல நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலர்ல இருந்து 5.05 ஆக்குச்சு, பக்கத்து பென்சில்வேனியா ஏத்தல. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் ரெண்டு பக்கத்துத் துரித உணவுக் கடைகளையும் ஒப்பிட்டப்போ, நியூஜெர்சியில ஆள் குறைஞ்சதாத் தெரியல. கார்டுக்கு 2021ல நோபல் பரிசு கிடைச்சது.

மென்பொருள் மணி:
அது தொடுதிரை வராத காலம் தம்பி. அன்னைக்கு ஆளைக் குறைச்சா மாத்தா வைக்க எதுவும் இல்லை. இன்னைக்கு இருக்கு.

அரும்பு:
நியாயமான கேள்வி சார். ஆனா இன்னைக்கு மெஷினும் சொன்னபடி ஓடல. டாலர் ஜெனரல்ங்கிற அமெரிக்கக் கடை நிறுவனம் 2024ல ஆயிரக்கணக்கான கடைகள்ல செல்ஃப் செக்கவுட்டை, அதாவது வாங்குறவங்களே பில் போட்டுக்கிற மெஷினை, எடுத்துடுச்சு, பொருள் கணக்கு உதைச்சது முக்கிய காரணம். அமேசான் அதே வருசம் தன்னோட பெரிய மளிகைக் கடைகள்ல 'ஜஸ்ட் வாக் அவுட்' முறையைக் கைவிட்டுச்சு. கேமராவே பில் போடும்னு சொன்ன அந்த முறைக்குப் பின்னால, இந்தியாவுல சுமார் ஆயிரம் பேர் வீடியோ பார்த்துச் சரிபார்த்தாங்கன்னு செய்தி வந்துச்சு. அது மிகைன்னு கம்பெனி சொன்னாலும், கொஞ்சம் பில்களை மனுசங்க சரிபார்த்தாங்கன்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த வேலை ஒழியல, கூலி குறைவான ஊருக்குக் கண்காணாமப் போயிருக்கு. எனக்கு இதுதான் பெரிய கவலை.

மதுரை கடைக்காரர்:
அமெரிக்கா இருக்கட்டும். என் கடையில பத்துப் பேர். சங்கமெல்லாம் வராது. அடுத்த வருசம் நானும் ஸ்கேனர் வாங்கத்தான் போறேன். நான் என்ன செய்யணும்கிறீங்க?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியன்:
ஆர்டர் கொடுப்பதற்கு முன் அந்தப் பத்துப் பேரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். யார் எந்த வேலைக்கு மாறுகிறார், கூடுதல் வேலைக்கு எவ்வளவு கூடுதல் சம்பளம் என்பதை எழுதிக் கொடுங்கள். அந்தக் கருவியில் முதல் பில் நேரமும் கடைசி பில் நேரமும் பதிவாகும். யார் எவ்வளவு விற்றார் என்று பார்க்கும் அதே பதிவை வைத்து, யார் எத்தனை மணி நேரம் நின்றார் என்றும் பாருங்கள். 8 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி.

மதுரை கடைக்காரர்:
ஆடி, தீபாவளி ரெண்டு சீசனுக்கும் இரட்டிப்புக் கட்டினா எனக்கு நிக்காது சார். ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கினா, வந்த ஆள் எதிர்க்கடைக்குள்ள போயிடுவான். எல்லாக் கடைக்கும் ஒண்ணா வரட்டும், நானும் செய்யுறேன். அந்தப் பிள்ளைங்க கஷ்டப்படணும்னு எனக்கு ஆசையா?

தாமிரபரணிக்கரை:
எல்லாக் கடைக்கும் ஒண்ணாத்தான் வந்திருக்கு அண்ணாச்சி, 1947ல. இரட்டிப்புக் கூலி அந்தக் கடைகள் சட்டத்துலேயே இருக்கு. எதிர்க்கடை அதை மீறுறதாலதான் உங்களால நேர்மையா நடக்க முடியலன்னா, தொழிலாளர் ஆய்வாளருக்கு உங்க வியாபாரிகள் சங்கமே மனு குடுக்கலாமே. நாங்க குடுத்தா வேலை போகுது, நீங்க குடுத்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது.

மதுரை கடைக்காரர்:
சங்கக் கூட்டம் வருது. இரட்டிப்புக் கூலியைப் பத்தி என்னால உறுதி சொல்ல முடியாது. எல்லாரும் ஒரே நேரத்துல கடை அடைக்கிறதைப் பத்தி எழுந்து பேசுறேன்.